நள்ளிரவில் எழும் அனல்

ஐம்பது வயதை நெருங்கும் உங்கள் உம்மா நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து அமர்ந்து, முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். காரணம் கேட்டால், "ஒன்றுமில்லை, உடம்பெல்லாம் அனலாய் எரிகிறது, நீ தூங்கு" என்பார். சில நிமிடங்களில் வியர்வை அடங்கும், குளிர் எடுக்கும். "வயதானால் இப்படித்தான்" என்றும், "எல்லாம் மனப்பிரமை" என்றும் வீட்டார் கூறிவிடுவதுண்டு. முதற்கூற்றில் பாதி உண்மை உள்ளது. இரண்டாவது முற்றிலும் தவறு. அந்த அனல் மூளையில் எங்கே தோன்றுகிறது என்பது இன்று தெரிந்துவிட்டது.

அந்த வரலாறு குதிரையின் குடலில் தொடங்குகிறது என்றால் வியப்பீர்கள். 1931ஆம் ஆண்டு லண்டனில் வான் ஆய்லர், காடம் ஆகிய இருவரும் குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தியது. குடலைச் சுருங்கச் செய்தது. "பவுடர்" என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு "சப்ஸ்டன்ஸ் பி" எனப் பெயர் அமைந்தது. (பெயர் சூட்டுவதில் அறிஞர்களுக்கு இத்தனை சிக்கனம் ஆகாது!) அதன் உறவுகளான நியூரோகைனின் ஏ, நியூரோகைனின் பி ஆகியவை 1980களில் கண்டறியப்பட்டன. இவை சாவிகள் எனில், உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகள் பூட்டுகள். பாலூட்டிகளின் உடலில் இப்பூட்டுகள் மூவகை. சாவிக்கொரு பூட்டு உண்டு. எனினும் ஒரு சாவி மற்றதன் பூட்டையும் ஓரளவு திறக்கும்.

முதல் வகைப் பூட்டை அடைத்தால் வலி தீரும் என்று பெரிதும் எதிர்பார்த்தனர். விலங்குகளில் பலித்தது; மனிதரில் பலிக்கவில்லை. மனச்சோர்வு குறித்து 1998இல் பிறந்த நம்பிக்கையும் பின்வந்த சோதனைகளில் பொய்த்தது. ஆயினும் வாந்தியைத் தூண்டும் மூளைத்தண்டுப் பகுதியிலும் அதே பூட்டு இருந்தது. அதனை அடைக்கும் அப்ரெபிடன்ட் என்னும் மருந்து, புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் குமட்டலைத் தடுக்க 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி உம்மாவின் அனலுக்கு வருவோம். மூளையின் அடிப்புறத்தில் ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. நியூரோகைனின் பியைச் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு அவற்றைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கடிவாளம் தளர்கிறது. அத்தகைய பெண்களின் மூளையில் இந்த நரம்பணுக்கள் பருத்திருப்பதை நவோமி ரான்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1990களின் தொடக்கத்திலேயே காட்டினார். கட்டவிழ்ந்த இந்த அணுக்கள், மூன்றாம் வகைப் பூட்டின் வழியே, உடல்வெப்பத்தைக் காக்கும் மையத்தைத் தூண்டுகின்றன. வெளியே வெப்பம் கூடாதபோதும் மூளை "சூடு மிகுந்தது" என முடிவு செய்து, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. 2015இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், இளம்பெண்களின் உடலில் நியூரோகைனின் பியைச் செலுத்தியபோது அவர்களுக்கும் இதே அனல் எழுந்தது. மனப்பிரமை என்போருக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மூன்றாம் பூட்டை அடைக்கும் ஃபெசோலினெடன்ட் என்னும் மருந்து 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈஸ்ட்ரோஜன் கொள்ள இயலாதோருக்கு இது ஒரு வழி. எனினும், அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை 2024 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. தொடங்குமுன்னும், தொடங்கிய பின்னும் இரத்தப் பரிசோதனை அவசியம். எனவே யாரோ சொன்னார் என்று வாங்கி விழுங்கத்தக்கதன்று. மேலும், இரவு வியர்வை தைராய்டு மிகுதியாலும் காசநோயாலும்கூட வரும். உம்மா உடல் மெலிந்தாலோ, காய்ச்சலோ இருமலோ நீடித்தாலோ, வயதின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.