சறுக்குப் பலகையா, மிதவையா?

'ஸ்கீ' என்பதைத் தமிழில் பனிச்சறுக்குப் பலகை என்று எழுதி வருகிறோம். இயந்திரத்தால் அழுத்திக் கெட்டிப்படுத்திய சரிவுக்கு இப்பெயர் பொருந்தும். இடுப்பளவு புதுப்பனி கிடக்கும் சரிவில் பொருந்தாது. அங்கே நிகழ்வது சறுக்குதல் அன்று, மிதத்தல். பொடிப்பனிக்குப் பலகை தேர்பவர் இந்த ஒரு வேறுபாட்டை மனங்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது எம் எண்ணம்.

உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதே அளவு நீரோ 1,000 கிலோ. புதுப்பனியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றே. அதன்மேல் நிற்க உடலின் எடையைப் பரப்பியாக வேண்டும். பலகையின் நீளம் மாறாதிருக்க அகலம் மட்டும் 70 மி.மீ. என்பதிலிருந்து 110 ஆனால், பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பள்ளிப் பிள்ளைகளின் கணக்குதான் இது.

இந்த எளிய கணக்கை ஏற்க அவ்வுலகம் ஏன் அத்தனை காலம் தயங்கியது? பந்தயமே காரணம் என்போம். பந்தய வீரனுக்குத் தேவை கத்தி. கெட்டிப் பனியைக் கீறித் திரும்பும் எஃகு விளிம்பு. அவன் கால்களில் கண்டதே உயர்ந்தது என்று அனைவரும் நம்பினர். 1980களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அடாமிக் நிறுவனம் அகன்ற பலகையைக் கொண்டுவந்தபோது, முதியோருக்கும் தேறாதவர்க்குமான ஊன்றுகோல் என்று எள்ளி நகையாடினர். (இலக்கணம் கற்றோர் புதுக்கவிதையை வரவேற்ற விதம் நினைவுக்கு வருகிறது.)

அந்த ஏளனத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் ஷேன் மெக்கான்கி. தண்ணீர்ச்சறுக்குப் பலகைகளையே காலில் பூட்டிக்கொண்டு அலாஸ்காவின் பனிச்சரிவில் இறங்கிப் பார்த்தவர் அவர். அவர் எண்ணத்தில் பிறந்து 2002இல் வொலான்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பாட்டுலா', நடுவில் அகன்று, இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த பலகை. அதுவரை இருந்த வடிவத்தைத் தலைகீழாக்கியது. 'ராக்கர்' எனப்படும் அந்த மேல்வளைவு இன்று ஏதேனும் ஓர் அளவில் எல்லாப் பொடிப்பனிப் பலகைகளிலும் உண்டு. முனை பனிக்குள் புதையாததால், பின்னுக்குச் சாய்ந்து தொடை நோக நிற்கும் பழைய வித்தைக்கும் வேலையில்லாமல் போயிற்று. ஆனால், சீனத்தின் அல்த்தாய் மலைமக்கள் குதிரைத்தோல் போர்த்திய அகன்ற மரப்பலகைகளில் பன்னெடுங்காலமாக வேட்டைக்குப் போய்வந்தனர். அவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு நூற்றாண்டு மிச்சமாகியிருக்கும்.

அதற்காக, கடையில் உள்ளவற்றுள் மிக அகன்றதை எடுத்துவிடலாமா? கூடாது. எத்தகைய பனிநாளிலும் இறுதியில் கெட்டிப் பாதை வழியாகத்தான் திரும்ப வேண்டும். 120 மி.மீ. தாண்டிய பலகையை அங்கே விளிம்பில் நிறுத்துவதற்குள் முழங்கால் களைத்துவிடும். நடு அகலம் 105 முதல் 115, முன்முனையில் நல்ல ராக்கர், பாதத்தின்கீழ் சிறிதளவு பழைய வில்வளைவு, தம் உயரத்தை ஒட்டிய நீளம்: ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குச் செல்வோர்க்கு இது போதும். வாங்குவதினும் வாடகைக்கு எடுப்பதே அறிவு.

வேறொன்று எம்மை உறுத்துகிறது. குறுகிய பலகைக் காலத்தில், ஆழ்பனியில் இறங்கும் திறம் வர ஆண்டுகள் பிடிக்கும்; அதற்குள் மலையைப் பற்றிய அச்சமும் அறிவும் உடன் வளரும். அகன்ற பலகை அத்திறத்தைச் சில நாள்களில் தந்துவிடுகிறது; அறிவைத் தருவதில்லை. பனிப்பாளம் சரிந்து உயிர்குடிப்பது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில். புதுப்பனியில் மிதக்க ஆசைப்படும் கண்ணுக்கு அழகாகத் தோன்றுபவையும் அவையே. சிக்கி மாள்பவர்களுள் மிகப் பெரும்பான்மையோர், தாமோ உடன்வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாள்கிறார்கள்.

காஷ்மீரத்துக் குல்மார்கில் கம்பிவட ஊர்தி 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கே அபர்வத் சரிவில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் மாண்டனர். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. பின்னர் அது விரைந்து வீழ்கிறது. அந்நேரத்தில் மீட்புக்குழு வந்து சேராது. உடன்வந்தவரே தோண்ட வேண்டும். ஆகவே குல்மார்க் வாடகைக் கடையில் பலகையின் அகலத்தை விசாரிக்குமுன், சமிக்ஞைக் கருவியும் துழாவுகோலும் மண்வாரியும் அங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றும் உடன்வருபவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைக் கையாளவும் அவர் அறிந்திருக்க வேண்டும்.