பூட்டும் வேண்டும், சாவி கைக்கும் எட்ட வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதில் தொங்குவது திண்டுக்கல் பூட்டு. சாவி இரவும் பகலும் அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு கிடக்கும். பெட்டியைத் திறக்க அவருக்கு ஒரு நொடி போதும். பிறருக்கோ அது எளிதன்று. பாதுகாப்பும் வசதியும் ஒரே சுருக்குப்பைக்குள் அடங்கியிருந்த காலம் அது.

இன்று அப்பத்தாவின் பணம் அந்தப் பெட்டியில் இல்லை. முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கொத்தனாராகிய என் தந்தையாரின் கூலியும் பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வந்து சேர்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு எந்தக் குறுஞ்செய்தி வந்தாலும், எந்த வங்கித் தாள் வந்தாலும், "இது என்னவென்று பார்" என்று என்னிடமே நீட்டுகிறார்கள். அவ்வாறு பார்த்துப் பார்த்து என் மனத்தில் எழுந்த கருத்தையே இங்கு எழுத முற்படுகிறேன். நான் பொருளாதார மாணவன் அல்லன், இயற்பியல் பயில்பவன். பிழையிருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மூவகைச் சாவிகள்

பணத்துக்கு உரியவர் இவர்தாம் என்று வங்கி எவ்வாறு தெரிந்துகொள்கிறது? அதற்கு மூன்று வழிகளைக் கூறுவர். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அவரிடம் மட்டும் இருக்கும் ஒன்று. அவர் உடம்போடு பிறந்த ஒன்று. இரகசிய எண் முதல் வகை. அட்டையும் கைப்பேசியும் இரண்டாம் வகை. விரல் ரேகையும் கருவிழியும் மூன்றாம் வகை. ஒன்று களவு போனாலும் மற்றொன்று காக்கும் என்பதால் இரண்டைச் சேர்த்துக் கேட்பது நல்ல முறை. இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்துவோரிடம், அட்டையில் அச்சிடப்படாத மற்றொரு சான்றையும் கேட்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2009 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண் வீடுதோறும் பழக்கமாயிற்று.

பிற நாடுகளில் சில வங்கிகள் இதற்கெனத் தனிக் கருவியே கொடுத்தன. சாவிக்கொத்தில் மாட்டுமளவே உள்ள சிறு கருவி அது. அதன் முகப்பில் ஆறு இலக்க எண் ஒன்று ஒரு நிமிடத்துக்கோ அரை நிமிடத்துக்கோ ஒருமுறை மாறிக்கொண்டேயிருக்கும். உள்ளே ஒரு கடிகாரமும் ஓர் இரகசிய எண்ணும் இருக்கின்றன. அதே இரகசிய எண் வங்கியின் கணிப்பொறியிலும் உண்டு. நேரத்தையும் இரகசிய எண்ணையும் இரு பக்கத்திலும் ஒரே கணித முறையில் கலந்தால் ஒரே விடைதான் வரும். இடையே கம்பியும் இல்லை, அலையும் இல்லை. ஆயினும் இரு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்கின்றன! முதன்முதலில் இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன்.

ஆனால் இந்த வியப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2011-ஆம் ஆண்டு இத்தகைய கருவிகளைச் செய்து விற்கும் ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள்ளேயே திருடர் புகுந்துவிட்டனர். பின்னர் அந்நிறுவனம் வாடிக்கையாளர்களின் கருவிகளை மாற்றித்தர முன்வந்தது. பூட்டுச் செய்பவரின் பட்டறையிலும் களவு நடக்கும் என்பதை உலகம் அன்று கண்டது.

திருடன் கணக்குப் போடுவதில்லை

ஆறு இலக்க எண் என்றால் பத்து இலட்சம் வாய்ப்புகள். மூன்று முறை குருட்டாம்போக்கில் முயன்றாலும் சரியான எண் அகப்படுவதற்குப் பத்து இலட்சத்தில் மூன்று பங்கே இடமுண்டு. நான்கு இலக்க எண்ணுக்கே 10,000 வாய்ப்புகள். கணக்களவில் இது வலுவான பூட்டுத்தான். ஆனால் திருடன் கணக்குப் போட்டு எண்ணைக் கண்டுபிடிப்பதில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு அது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் தந்தையாருடன் முன்பின் அறியாத ஒருவன் கைப்பேசியில் பேசினான். வீடு கட்டப்போவதாகவும், முன்பணமாக இரண்டாயிரம் ரூபாய் அனுப்புவதாகவும் சொன்னான். சற்று நேரத்தில் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. "உங்கள் நம்பரைப் போடுங்கள் மேஸ்திரி, பணம் ஏறிவிடும்" என்றான். திரையில் இருந்தது ஆங்கிலம். தந்தையாருக்குப் புரிந்தது 2,000 என்ற எண் மட்டுமே. எண்ணைப் போட்டார். பணம் ஏறவில்லை, இறங்கியது. மறுநாள் சனிக்கிழமை. சித்தாள்கள் இருவருக்கு வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். என் தாயாரின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. இந்த ஒரு செய்தி அன்று என் தந்தையாருக்குத் தெரியாது. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

திங்கட்கிழமை வங்கிக்குச் சென்றோம். அங்கிருந்தவர் கேட்டது ஒரே கேள்விதான். "நம்பரைப் போட்டது நீங்கள்தானே?" தந்தையார், "ஆமாங்க சார்" என்றார். அத்துடன் விசாரணை முடிந்தது.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நல்ல விதி. ஆனால் இரகசிய எண்ணைப் பிறருக்குக் கொடுத்தது போன்ற கவனக்குறைவு அவருடையதாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவரையே சாரும். என் தந்தையார் எண்ணை எவருக்கும் சொல்லவில்லை; தம் கையாலேயே போட்டார். கருவி அளித்த சான்று, எண் இவருடையது என்பது மட்டுமே. பணத்தைக் கொடுக்க இவர் விரும்பினாரா என்று அக்கருவிக்குத் தெரியாது. எண்ணையும் விருப்பத்தையும் ஒன்றாகக் கொண்டதே அன்று எங்களுக்கு நேர்ந்த அநீதி என்பேன்.

பூட்டு மிகுந்தாலும் துன்பமே

அப்படியானால் பூட்டின் மேல் பூட்டாகப் போட்டுவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். அவர்கள் எங்கள் அப்பத்தாவுடன் ஒருநாள் நடந்து வர வேண்டும்.

எங்கள் ஊருக்கு வங்கிக் கிளை இல்லை. வங்கி முகவர் ஒருவர் பக்கத்து ஊரில் விரல் ரேகைக் கருவியுடன் அமர்ந்திருப்பார். அப்பத்தாவின் கை நாற்று நட்டே தேய்ந்த கை. கட்டைவிரலை வைப்பார், கருவி ஏற்காது. முந்தானையில் துடைத்து மீண்டும் வைப்பார், ஏற்காது. சுட்டுவிரல், நடுவிரல், மறுகை என்று பத்து விரலும் முறை வைத்துப் பார்த்தபின், "நாளைக்கு வாங்க பாட்டி" என்பார் முகவர். உழைத்துத் தேய்ந்த விரலே உரிமைக்குத் தடையாவது எவ்வளவு பெரிய முரண்! அப்பத்தா வெயிலில் திரும்பி நடப்பார். நமக்கு வசதி என்பது சில நொடிகளின் சேமிப்பு. அவருக்கோ அது ஒரு நாளைய நடை.

அந்த விரல் ரேகையேனும் திருட முடியாததா? பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளைப் படியெடுத்துப் பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் 2023-இல் நாட்டின் பல பகுதிகளில் பதிவாயின. இரகசிய எண் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை மாற்றிக்கொள்வது எப்படி?

மேலும், பூட்டு கைக்கு மிஞ்சியதாகும்போது மக்கள் குறுக்கு வழி தேடுகின்றனர். அட்டையின் உறைமேலேயே எண்ணை எழுதி வைக்கின்றனர். ஏ.டி.எம். வாசலில் நின்று பாருங்கள். முகமறியாத என்னிடமே அட்டையையும் கொடுத்து எண்ணையும் சொல்லி, "ரெண்டாயிரம் எடுத்துக் குடு தம்பி" என்ற முதியவர்கள் உண்டு. அவர்களை அறியாமையுடையோர் என்று நகைப்பது எளிது. அவர்கள் கைக்கேற்ற பூட்டைச் செய்யாதவர்களை நாம் ஏனோ நகைப்பதில்லை.

அயல்நாடுகள் தரும் பாடம்

இங்கிலாந்தில் பார்க்லேஸ் வங்கி 2007-இல் தன் வாடிக்கையாளர்க்குச் சிறு கருவி ஒன்றை வழங்கத் தொடங்கியது. அட்டையை அதில் செருகி இரகசிய எண்ணை அழுத்தினால் எட்டு இலக்க எண் ஒன்று தோன்றும். அதை இணையத்தில் பதிய வேண்டும். இத்தகைய கருவிகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் ஆராய்ந்து குறைகள் சிலவற்றை எடுத்துக்காட்டினர். அவற்றுள் ஒன்று நம்மைச் சிந்திக்க வைப்பது. எண் சரியா தவறா என்று கருவியே காட்டிவிடுகிறது. ஆகவே வழிப்பறிக்காரன் கத்தியைக் காட்டிக் கேட்ட எண் மெய்தானா என்று தெருவிலேயே சோதித்துக்கொள்ள முடியும்! வங்கியைக் காக்கச் செய்த கருவி, வாடிக்கையாளரின் உடம்புக்கு ஆபத்தைக் கொண்டுவரக்கூடும் என்பதை முன்னரே எண்ணியிருக்க வேண்டாமா?

சிங்கப்பூர் அனுபவமும் கருதத்தக்கது. அங்கு 2021 டிசம்பரில், வங்கியிலிருந்து வந்தது போன்ற போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை இழந்தனர். உடனே 2022 ஜனவரியில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, புதிதாக ஒரு கைப்பேசியில் வங்கிச் சாவியைப் பதிந்தால் குறைந்தது 12 மணி நேரம் கழித்தே அது செயற்படத் தொடங்கும் என்பது. நேர்மையான மனிதர் புதுக் கைப்பேசி வாங்குவது எப்போதோ ஒருமுறை. அவர் அரை நாள் பொறுப்பார். திருடனால் பொறுக்க முடியாது. இதையே நான் அறிவுள்ள பூட்டு என்பேன்.

நம் நாட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. தனிமனிதர் ஒருவர் மற்றொருவரிடம் "பணம் கொடு" என்று யு.பி.ஐ.யில் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. என் தந்தையார் ஏமாந்த வழி அதுதான். அந்த வசதி போனதற்காக எங்கள் ஊரில் எவரும் வருந்தியதாக நான் கேட்கவில்லை.

என் துணிபு

முதலாவதாக, ஒப்புதல் கேட்கும் கருவி எதுவாயினும், யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை உரியவரின் மொழியில் சொல்லிய பின்னரே எண்ணைக் கேட்க வேண்டும். நம் கல்லூரி வாசல் தேநீர்க் கடையில் உள்ள சிறு ஒலிப்பெட்டி, பணம் வந்ததும் தமிழில் உரக்கச் சொல்கிறது. வாங்குபவருக்குத் தமிழில் சொல்லத் தெரிந்த அறிவியல், கொடுப்பவருக்கு "உங்கள் பணம் போகிறது" என்று சொல்லக் கூடாதா?

இரண்டாவதாக, பூட்டின் கனம் பொருளின் மதிப்புக்கேற்ப இருக்க வேண்டும். தேநீருக்குக் கொடுக்கும் பத்து ரூபாய்க்குத் தடை வேண்டாம். சிறு தொகைகளை எண் கேளாமலே செலுத்தும் முறை ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் இதுவரை தொடர்பில்லாத ஒருவருக்குப் பெருந்தொகை போகும்போது சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டும். "நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கட்டப் பணம் வேண்டுமே, அப்போது காத்திருப்பதா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவமனை போன்ற பதிவு பெற்ற இடங்களுக்கு விலக்களிக்கலாம். ஒரு சிலரின் அவசரத்துக்காக எல்லார் வீட்டுக் கதவையும் திறந்தே போடுவது முறையன்று.

மூன்றாவதாக, விரல் ரேகை ஏற்கப்படாதவருக்கு மாற்றுவழி உரிமையாக வேண்டும். கருவிழியோ, கணக்குப் புத்தகமோ, சாட்சியுடன் கூடிய கையொப்பமோ, ஏதேனும் ஒன்று அந்த மேசையிலேயே கிடைக்க வேண்டும். "நாளைக்கு வாங்க" என்பது விடையாகாது.

நான்காவதாக, இழப்பின் சுமை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஆணை, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் குறித்தது. அவ்விதிகளைப் பின்பற்றாததால் இழப்பு நேர்ந்தால் அந்நிறுவனமே வாடிக்கையாளர்க்கு முழுதும் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அது. வரவேற்கத்தக்கது. ஆனால் விதிகளெல்லாம் பின்பற்றப்பட்டு, ஏழை ஒருவர் ஏமாந்தால்? அங்கேதான் இன்னும் இருள் சூழ்ந்திருக்கிறது. இழப்பில் ஒரு பங்கு பூட்டைச் செய்தவருக்கும் வருமாயின், பூட்டு தானாகவே சீர்படும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவ நண்பர்களே! அரசும் வங்கியும் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பது தகாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்களில் மரம் நடுகிறோம். கோயில் குளம் தூர்வாருகிறோம். அவ்வூர்த் திண்ணைகளில் ஒரு மணி நேரம் அமர்ந்து இரண்டே செய்திகளைச் சொல்வோம். பணம் வாங்க எண் வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

நாளை நம்மில் சிலர் வங்கி மேசைக்கு அப்பால் அமரக்கூடும். அழுக்குச் சட்டையும் சிமெண்டு படிந்த கையுமாக ஒருவர் நம் முன் வந்து நிற்பார். அன்று, "நம்பரைப் போட்டது நீங்கள்தானே?" என்று கேட்பதற்கு முன், "என்ன நினைத்துப் போட்டீர்கள்?" என்று கேட்போமாக.