எண் மாறாமல் நிறுவனம் மாறலாம்; வாசகரை இழக்காமல் தளம் மாற முடியாதா?

எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தை விட்டு மாஸ்டடானுக்கோ புளூஸ்கைக்கோ போய்விடலாமா என்ற கேள்வி, ஹைதராபாத்தின் தார்நாகாவில் கூடும் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் எழுந்தது. போகலாம் என்பதே எங்கள் முடிவு. கோபத்தில் கிளம்ப வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறோம்.

அப்படிக் கிளம்பியதை 2019 நவம்பரில் பார்த்தோம். நாஜிக் கூட்டத்தில் வணக்கம் செலுத்தாமல் கைகட்டி நின்ற ஒருவரின் படத்தை முகப்பில் வைத்திருந்த மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. கொதித்துப்போன பலர் மாஸ்டடானில் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் திரும்பியும் வந்தார்கள். பேச்சுத்துணை எல்லாம் பழைய இடத்தில் இருந்தால் வேறென்ன செய்வார்கள்?

கூ செயலியின் கதை இன்னும் கசப்பு. 2021-இல் மத்திய அமைச்சர்களே வந்து சேர்ந்த தளம் அது; தமிழிலும் எழுத முடிந்தது. சுதேசி என்றார்கள். ஆனால் சாவி ஒரே நிறுவனத்திடம் இருந்தது. 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்தார்கள். அங்கே சேர்த்த வாசகர்களை வேறு தளத்துக்கு அழைத்துப்போக வழியில்லை.

மாஸ்டடான் அப்படி ஒரே நிறுவனத்திடம் இல்லை; பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களின் பிணைப்பு அது. அங்கே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது. ஆர்வலர்கள் இதைச் சற்று மெதுவாகத்தான் சொல்கிறார்கள். சர்வர் வாடகை யார் கட்டுவது, தமிழ் வசவைப் புரிந்துகொண்டு நீக்குவது யார் என்பதும் கேட்கவேண்டிய கேள்விகள். அமெரிக்கத் தேர்தலை ஒட்டி, 2024 நவம்பரில் 2 கோடிப் பயனர்களைத் தாண்டிய புளூஸ்கையில் நம் சொந்த இணைய முகவரியையே பெயராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான கணக்குகள் அந்நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன.

இழப்பில்லாமல் இடம் மாறுவதற்கு முன்னுதாரணம் உண்டு. கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. நிறுவனங்கள் தாமாக மனமிரங்கித் தந்ததல்ல அது. விதி வந்தது, தந்தார்கள். 2019-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் நம் தரவை வேறிடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அதைத் திரும்பச் சேர்க்கவேண்டும். பின்தொடர்பவர் பட்டியலுக்கும் அது பொருந்தவேண்டும் என்று கோருகிறோம்.

இனி எங்கள் கூட்ட அறிவிப்புகள் முதலில் எங்கள் சொந்த இணையதளத்திலும், பிறகு மாஸ்டடானிலும் எக்ஸிலும் வரும். எக்ஸ் கணக்கை இப்போதைக்கு மூடமாட்டோம். மூத்த உறுப்பினர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். சொந்த சர்வர் நடத்தும் யோசனையைக் கைவிட்டோம். அதற்குப் பணமும் இல்லை, இரவில் விழித்திருக்க ஆளும் இல்லை.