ஏரியைக் காட்டிப் பாடம் சொல்லுங்கள்!

பூகோளம் இடத்தைச் சொல்லும். சரித்திரம் காலத்தைச் சொல்லும். இடம் இல்லாமல் எந்தச் சம்பவமும் நடக்காது. ஆனால், பள்ளிக்கூடத்தில் இவை இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை!

தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இன்று சமூக அறிவியல் என்று ஒரே புத்தகம் இருக்கிறது. சரித்திரமும் பூகோளமும் அதற்குள்ளேதான். அட்டை ஒன்றாகிவிட்டது. பாடம் ஒன்றாகவில்லை.

ஏரியும் வாரியமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தைப் பாருங்கள். வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். அதனால் முன்னோர் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். ஒன்று நிரம்பினால் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து அடையாறு, பிறகு கடல். இது பூகோளம்.

அதே காஞ்சீபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ம் ஆண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு அங்கே உள்ளது. குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுத்ததை அது சொல்கிறது. இது சரித்திரம்.

ஏரிக்கு எதற்கு ஒரு வாரியம்? கரை உடைந்தால் ஊரே பட்டினி! பூகோளம் தெரிந்த மாணவனுக்குத்தான் இந்தச் சரித்திரம் புரியும்.

தொழிற்சாலைகள்

இன்று இதே மண்ணில் கார்கள் தயாராகின்றன. சமமான நிலம், பெங்களூர் நெடுஞ்சாலை, பக்கத்தில் துறைமுகம். இவைதான் காரணம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் செல்போன் உற்பத்தியைத் தொடங்கியது. 2014-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிற்சாலை வரும், போகும். தண்ணீர் போகும் வழி மாறாது.

வழியை அடைத்தால் என்ன ஆகும்? 2015 டிசம்பரில் பெருமழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது. அடையாற்றுக் கரையில் வீடுகள் மூழ்கின. பலர் உயிரிழந்தனர்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

மாணவர்கள் தங்கள் ஊரின் படத்தை வரையட்டும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, 50 ஆண்டுகளுக்கு முன் ஏரி, கால்வாய், வயல் எங்கே இருந்தன என்று குறிக்கட்டும். விவரம் வேண்டுமா? வீட்டில் தாத்தா, பாட்டி இருக்கிறார்கள்!

அகலமான தட்டில் களிமண்ணால் மூன்று ஏரிகள் செய்யட்டும். மேல் ஏரியில் தண்ணீர் ஊற்றட்டும். பிறகு ஒரு கால்வாயை அடைத்துப் பார்க்கட்டும். எந்தக் கரை முதலில் உடைகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

"பாடம் முடிக்கவே நேரம் இல்லை" என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால், இது புதுப் பாடம் அல்ல. இரண்டு முறை நடத்துவதை ஒரே முறை நடத்துவது. வருடத்தில் நாலைந்து வகுப்புகள் போதும். அதற்குச் சில மார்க்குகளைக் கல்வித்துறை ஒதுக்க வேண்டும். மார்க் இருந்தால்தான் பெற்றோரும் மதிப்பார்கள்.

இன்றைய மாணவர்கள் நாளை கிராம சபையில் உட்காருவார்கள். எந்த நிலத்தில் கட்டடம் கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று அவர்கள்தான் பேச வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அதற்குள் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்!