கண் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம்!

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஸ்னைப்பர்கள் ஏன் திணறினார்கள் என்று கேட்டால், "ஜெர்மன்காரன் லென்ஸ் உசத்தி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சுத்த சப்பைக்கட்டு! லென்ஸ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் கோணலாக இருந்தால் குறி எங்கே உருப்படும்?

பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்களை ஒரே தள்ளாகத் தள்ளி நிரப்ப 'சார்ஜர்' என்ற தகட்டுக் கிளிப் உண்டு. ஸ்கோப்பை மேலே வைத்தால் அது இடிக்குமாம். அதனால் பக்கவாட்டில், இடதுபுறம் தள்ளிப் பொருத்தினார்கள். ஒளிந்திருந்து ஒரே ஒரு குண்டு சுடுகிறவனுக்கு எதற்கய்யா அவசர லோடிங்?

விளைவு என்ன? ஸ்கோப் குழலுக்கு மூன்று அங்குலம் இடதுபுறம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு கஜத்தில் குறியைச் சரிசெய்தால், இருநூறு கஜத்தில் குண்டு மூன்று அங்குலம் இடதுபுறம் போகும், முந்நூறில் ஆறு. நேர் மேலே இருந்தால் இந்தப் பக்கவாட்டுத் தொல்லையே கிடையாது. உயர வித்தியாசத்தை, தூரத்துக்கேற்ப எப்படியும் செய்கிற திருத்தத்திலேயே சேர்த்துவிடலாம்.

அதைவிடக் கொடுமை, அகழிகளில் இருந்த எஃகுத் தகடுகள். அவற்றின் சின்ன ஓட்டை வழியே குழல் வெளியே நீளும். பக்கத்தில் இருக்கும் ஸ்கோப்புக்கோ தகடுதான் தெரியும்! 1916-ல் ஸ்னைப்பர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஹெஸ்கெத் பிரிச்சர்ட், 1920-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்தப் பக்கவாட்டுப் பொருத்தலைச் சாடியிருக்கிறார். களத்தில் நின்றவருக்குத் தெரிந்தது, மேஜையில் உட்கார்ந்து உத்தரவு போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

குழலுக்கு நேர் மேலே ஸ்கோப் வைத்த பேட்டர்ன் 1914 ஸ்னைப்பர் துப்பாக்கி 1918-ல்தான் ஏற்கப்பட்டது. அந்த நவம்பரில் போரே முடிந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

அடுத்த போரில் புத்தி வந்தது. நம்பர் 4 (டி) துப்பாக்கிகளுக்கு ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கோப்பைத் தனித்தனியாகப் பொருத்தி, அதன் எண்ணைத் துப்பாக்கியின் கட்டையிலேயே பொறித்தார்கள். ஜோடி மாறக்கூடாது என்பதற்காக!

இத்தனைக்கும் நடுவில் அந்தக் கோணல் மவுண்டோடு அகழியில் படுத்துக் கிடந்தவன் யார்? உத்தரவு போட்டவனா? இனிமேலாவது பழியை ஜெர்மன் லென்ஸ் மேல் போடாதீர்கள்.