பகை மறவாத ரோந்து

2014 தொடக்கத்தில் இந்தோனேசியா தன் புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘உஸ்மான் ஹருன்’ என்று பெயர் சூட்ட முடிவு செய்தது. 1965இல் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்ற இந்தோனேசியக் கடற்படையினர் இருவரின் பெயர்கள் அவை. 1968இல் சிங்கப்பூர் அவர்களைத் தூக்கிலிட்டது. ஜகார்த்தாவோ தேசிய வீரர்களாக்கியது. அந்தக் கப்பலை எங்கள் துறைமுகங்களுக்குள் விடமாட்டோம் என்று சிங்கப்பூர் சொல்லிவிட்டது. ஆனால், மலேசியாவையும் சேர்த்துக்கொண்டு இரு நாடுகளும் மலாக்கா நீரிணையில் பத்தாண்டுகளாக நடத்திவந்த ரோந்து அதனால் நின்றுவிடவில்லை.

அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு என்றதும் நட்பு, நல்லிணக்கம் என்று பேசப் பழகிவிட்டோம். மலாக்காவில் நடந்தது வேறு. கடற்கொள்ளை அங்கே பல காலமாகவே இருந்தது. 2004 மார்ச்சில் அமெரிக்கப் படைகள் நீரிணைக்குக் காவலுக்கு வரக்கூடும் என்ற பேச்சு எழுந்த பிறகுதான் ஜகார்த்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் தூக்கம் கலைந்தது. ஜூலையிலேயே மூன்று நாட்டு ரோந்து தொடங்கியது. 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தை நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்க்க, கப்பல்களின் பிரீமியம் ஏறும் நிலை வந்தது. செப்டம்பரில் விமான ரோந்தும் வந்துவிட்டது. அந்த விமானங்கள் அண்டை நாட்டுக் கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரம்வரை நெருங்கலாம். உள்ளே மற்ற நாடுகளின் அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். இறையாண்மையை உயிராகக் கருதும் நாடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. 2006 ஆகஸ்டில் நீரிணையின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது.

பாராட்டு முழுவதையும் கடற்படைகளுக்கே கொடுத்துவிட முடியாது. சுனாமிக்குப் பின் 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசுக்கும் ஆச்சே பிரிவினைவாதிகளுக்கும் இடையே கையெழுத்தான சமாதான ஒப்பந்தம் நீரிணையின் வடக்கு முனையில் துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் செய்தது. பாதுகாப்பு மாநாடுகளில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அவசரம் தணிந்ததும் வேகமும் தணிந்தது. ஆசியக் கடற்கொள்ளைத் தகவல்களைப் பகிர்ந்துகொள்வதற்கான ரீகாப் ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தது; அதன் மையம் சிங்கப்பூரில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். நீரிணையின் இரு கரைகளையும் வைத்திருக்கும் இந்தோனேசியாவும் மலேசியாவும் சேரவில்லை. தகவல் கொடுக்கிறோம், கையெழுத்து மட்டும் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. மையம் பக்கத்து வீட்டில் இருப்பது உறுத்துகிறது போலும்.

இதற்கிடையில் மலாக்காவை அடுத்துள்ள சிங்கப்பூர் நீரிணையில் திருட்டு மறுபடி கூடியிருக்கிறது. இழுவைப் படகுக்குப் பின்னால் மெதுவாக நகரும், தண்ணீரை ஒட்டிய பார்ஜ்கள்தான் சுலபமான இலக்கு. இரவில் சின்னப் படகில் வந்து ஏறுகிறவர்கள் பழைய இரும்பையும், பெரிய கப்பலென்றால் எஞ்சின் உதிரிபாகங்களையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்த இரும்பு ஏதோ ஒரு கரையில்தான் விலைபோகிறது. வாங்குகிறவனைப் பிடிக்கப் போர்க்கப்பல் எதற்கு? மூன்று நாட்டுப் போலீசாரும் பெயர்களையும் வழக்கு விவரங்களையும் தயங்காமல் பகிர்ந்துகொண்டால் போதும். அமெரிக்காவோ லண்டனோ மறுபடி மிரட்டும்வரை காத்திருக்காமல், ஜகார்த்தாவும் கோலாலம்பூரும் ரீகாப் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.