வைகுண்டரை எவர்க்கு விட்டுக்கொடுப்பது?

சேலம், நாமக்கல் சமவெளியில் தமிழின் பெயரால் மேடையேறுவோர் பிர்சா முண்டாவை அறிவர். நோய் தீர்ப்பான் என நாடிவந்த மக்களையே வெள்ளையனுக்கு எதிராகத் திரட்டி, 1900இல் இராஞ்சிச் சிறையில் மாண்ட இளைஞனைப் போற்றுகின்றனர். போற்றட்டும்! பகைவர் குண்டு நீராய்ப் போகும் என நம்பி, மருந்துநீர் ஏற்று 1905இல் செருமானியரை எதிர்த்தெழுந்த கிழக்கு ஆப்பிரிக்க மக்களையும் சிலர் அறிவர். இவர்கட்கெல்லாம் முன்னரே தென்குமரியில் மண்ணும் நீரும் மருந்தாக ஈந்து, ஒடுக்கப்பட்டோரை நிமிரச் செய்த வைகுண்டரைப் பற்றி வினவினாலோ, முகஞ்சுளிக்கின்றனர். பெயர் வடசொல்லாம், அகிலத்திரட்டில் திருமால் கதையாம், ஆதலின் ஆகாதாம்!

பெயர்க்கதையைக் கேளுங்கள். 1809இல் சாமித்தோப்பில் பிறந்த அம்மகனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குடியில் பிறந்தவனுக்கு முடியா என மேற்குலத்தார் சீறவே, அது முத்துக்குட்டி ஆயிற்று. நல்ல தமிழ்ப்பெயரை அன்று பறித்தவர் எவர்? அதை மறந்துவிட்டு, அவன் பின்னர்ச் சூடிய பெயரில் குற்றங் காண்பது என்ன தூய்மை?

நோயுற்ற அவ்விளைஞன் 1833இல் திருச்செந்தூர்க் கடலில் மூழ்கி வைகுண்டராய் எழுந்தான் என்பது அவ்வழியினர் நம்பிக்கை. அதை ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க. அதன்பின் நடந்தது வரலாறு. தலைக்கும் வரி, கூலியில்லா ஊழியம், தோள்மறைக்கத் தடை எனத் திருவிதாங்கூர் நசுக்கிய மக்கள் அவரிடம் திரண்டனர். மண்ணும் நீரும் பிணி தீர்த்தனவா என மருத்துவர் ஆராயட்டும். ஊர்க்கிணற்றை அணுகவொண்ணாத மக்களுக்கு எல்லாக் குலத்தாரும் ஒருங்கே நீர்மொண்டு குளிக்கும் முத்திரிக்கிணறு கிடைத்ததே, அது எப்பிணிக்கு மருந்து? எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் கூடித் துவைத்துக் குளித்து ஒருவேளை உண்டு நோன்பிருந்தனவே, அத் துவையல் எவ்வழுக்கைப் போக்கிற்று?

அரசனைக் கலிநீசன் என்றும், வெள்ளையனை வெண்ணீசன் என்றும் அவர்வழி நூல் கூறும். அரசன் வாளாவிருப்பானா? சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தான் என்பர். இலண்டன் சமயப் பரப்புநரும் தம் அறிக்கைகளில் இக்கூட்டத்தாரைத் தமக்கு இடையூறாகவே குறித்தனர். கோயிற்குருக்களுக்கும் அரசனுக்கும் அயற்சமயத்தார்க்கும் ஒருங்கே ஆகாதவர், தமிழ்ப்பற்றாளர்க்கும் ஆகாதவராயின், அவரை எவர் கையில் ஒப்படைக்கப் போகின்றனர்? வடவர் தெய்வப் பட்டியலில் பத்தோடு பதினொன்றாகச் சேர்த்துக்கொள்ளக் காத்திருப்போர் கையிலா?

வடமொழிக் குருக்கள் இன்றித் தமிழில் வழிபாடு வேண்டும் எனப் பன்னெடுங் காலமாகக் குரலெழுப்பும் இயக்கத்தார், பாவாணர் பன்னீராண்டு பணியாற்றிய சேலத்தினின்று ஒருமுறை சாமித்தோப்புக்குச் செல்லட்டும். அங்கு உருவச்சிலை இல்லை, கண்ணாடி உள்ளது. தலைப்பாகை கட்டத் தடையுண்டிருந்த குடியினர், தலைப்பாகையோடு அதன்முன் நின்று தம் முகத்தையே கண்டு தமிழில் போற்றுகின்றனர். மாசி 20ஆம் நாள் அங்குப் பெருங்கூட்டம் கூடும்.